ஒரு கூட்டுக்கு ஒரு மாதம் வேண்டும்

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 20 அன்று எங்கள் கைப்பேசிகளுக்கு இரண்டு வகையான செய்திகள் வரும். தோழர்கள் மகத் குளப் போராட்டத்தை நினைவுகூர்ந்து அனுப்புவார்கள். மற்றவர்கள் உலகச் சிட்டுக்குருவி நாள் வாழ்த்து அனுப்புவார்கள். 1927இல் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்த அதே தேதியில்தான், 2010 முதல் குருவிகளுக்கான நாளும் வருகிறது. "வாயில்லா ஜீவன்களுக்காக மொட்டைமாடியில் ஒரு கிண்ணம் தண்ணீர் வையுங்கள்" என்று அந்த வாழ்த்தில் எழுதியிருக்கும்.

மகத்தில் எந்தக் குருவியையும் யாரும் தடுக்கவில்லை. ஆடு மாடு குடித்தது, பிற மதத்தார் குடித்தார்கள். நகராட்சி 1924இலேயே குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டிருந்தது. ஆனாலும் நம் மக்கள் கைவைத்த பிறகு பஞ்சகவ்யம் ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதையும் நாம் பார்த்தோம். அதற்கு அடுத்த கோடையிலும் கிண்ணத்துத் தண்ணீர் வாழ்த்துகள் தவறாமல் வந்தன. தேநீர்க் கடையில் நமக்குத் தனிக் குவளை வைப்பவர்களும் அதை அனுப்பினார்கள்.

இந்த முரணைச் சொல்லிவிட்டுக் குருவிகள் பக்கம் திரும்பாமலே இருந்துவிடலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பறவை பார்ப்பது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்று கூட்டங்களில் கேலி பேசுகிறோம். இந்த ஆண்டு மாசி தொடங்கி வைகாசி வரை எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் இரண்டு சோடிப் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. நாங்கள் தினமும் பார்த்தோம். பார்த்ததையும், பார்த்துக்கொண்டே பேசியதையும் இங்கே எழுதுகிறோம். தீர்ப்புகளையும் அரசாணைகளையும் பற்றிப் படிக்க வருகிற தம்பி தங்கைகள் இதையும் படியுங்கள். இது அந்த விஷயங்களுக்கு வெளியே இல்லை.

எங்கள் மனை மூன்று சென்ட். காலனியில் எல்லோருக்கும் அவ்வளவுதான். தொகுப்பு வீடும், பிறகு நாங்களே முன்னால் இழுத்துக் கட்டிய அறையும் போக, பின்பக்கம் பத்துத் தப்படி நிலம் இருக்கிறது. ஒரு முருங்கை, ஒரு மருதாணி, இரண்டு வாழை, துணி துவைக்கிற கல், அதற்குப் பக்கத்தில் ஏழெட்டுக் கத்தரிச் செடிகள். துவைத்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் வாழைக்குப் போகும். பத்திரிகைகளில் வருகிற மாதிரி அலங்காரத் தோட்டம் இல்லை. ஆயா அதைத் தோட்டம் என்றுகூடச் சொல்ல மாட்டார். அவருக்கு அது "பொறவாசல்".

முதலில் கவனித்தது அண்ணி. அவர் வீட்டில் தையல் இயந்திரம் வைத்து ரவிக்கை தைக்கிறார். சன்னலுக்கு வெளியே ஒரு குருவி, கட்டைவிரல் அளவுதான் இருக்கும், தன் உடம்புக்குப் பொருந்தாத பெரிய குரலில் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. தலை உச்சி துருநிறம், முதுகு இலைப்பச்சை, வயிறு வெளுப்பு, வால் எப்போதும் நிமிர்ந்தே இருந்தது. தையல்சிட்டு. இன்னொன்று சற்று நீண்ட வாலோடு முருங்கையில் இருந்து பதில் கொடுத்தது. இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு வால் நீளும்.

பெட்டைதான் கூடு தைத்தது. போன பருவத்துக் கத்தரிச் செடி ஒன்றை நாங்கள் பிடுங்காமல் கிளை வெட்டி விட்டிருந்தோம். அது மீண்டும் தழைத்து மார்பளவு வளர்ந்திருந்தது. அதில் இரண்டு அகலமான இலைகளைச் சிட்டு தேர்ந்தெடுத்தது. இலையின் ஓரத்தில் அலகால் குத்தி ஓட்டை போடும். சிலந்தி வலையோ பஞ்சு இழையோ கொண்டுவந்து அதில் நுழைத்து அந்தப் பக்கம் இழுக்கும். பிறகு அடுத்த இலையின் ஓரத்தில் குத்தும். மூன்று நாளில் இரண்டு இலைகளும் சேர்ந்து ஒரு பொட்டலம் போல ஆயின. அதன் உள்ளே பஞ்சும் மயிரும் நாரும் வைத்துக் கிண்ணம் போல் மெத்தை கட்டியது. வெளியில் இருந்து பார்த்தால் சுருண்டு தொங்கும் இலை என்றுதான் தோன்றும்.

அண்ணி தொழில் தெரிந்தவர் என்பதால் அவர் பார்த்தது வேறு மாதிரி இருந்தது. "முடிச்சே போடல பாருங்க. ஓட்டையில இழுத்துவுட்டதும் அந்தப் பக்கம் நூல் பிசிறு விரிஞ்சி நிக்குது. அதுவே புடிச்சிக்குது. இலை கிழியாம எவ்வளவு ஓரத்துல குத்தணும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். குஞ்சுகள் பறந்துபோன பின் வெற்றுக் கூட்டை எடுத்துப் பார்த்தோம். அவர் சொன்னது சரி. ஒவ்வொரு தையலும் தனித்தனி. ஒன்று அறுந்தாலும் மற்றது நிற்கும்.

அந்தச் செடியில் காய் பறிப்பதை நிறுத்தினோம். பக்கத்துச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது மட்டும், அதுவும் வெயில் ஏறுவதற்கு முன். கூட்டுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது, துவைகல்லைத் தாண்டிப் போகக் கூடாது என்று ஆயா சொல்லிவிட்டார். ஏழாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகள் பழைய நோட்டு ஒன்றில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தாள். முட்டை எத்தனை என்று அவளுக்குத் தெரியாது. பெட்டை வெகுநேரம் உள்ளேயே இருக்கத் தொடங்கிய நாளை அடை தொடங்கிய நாள் என்று எழுதினாள். இரண்டும் மாறி மாறிப் புழுவோடு வந்த நாளைப் பொரித்த நாள் என்று எழுதினாள். இடையில் பன்னிரண்டு நாள். நூலகத்தில் இருந்து எடுத்துவந்த புத்தகத்திலும் ஏறத்தாழ அந்தக் கணக்குதான் இருந்தது. தொடாமல், கலைக்காமல், வெளியில் தெரிவதை வைத்தே உள்ளே நடப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்கு அறிவியல் என்றால் என்ன என்று இனி யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்தோம்.

பொரித்த பிறகு இரண்டு வாரம் ஓயாத ஓட்டம். கத்தரியிலும் முருங்கையிலும் இருந்த புழு, சிலந்தி, சிறு பூச்சி எல்லாம் அந்தப் பொட்டலத்துக்குள் போயின. பதினான்காம் நாள் காலையில் மூன்று குஞ்சுகள் வாழையின் காய்ந்த மட்டையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மாலைக்குள் அவை முருங்கைக்கு ஏறிவிட்டன.

இரண்டாவது கூடு கொண்டைக்குருவியினுடையது. தலையில் கறுப்புக் கொண்டை, வாலடியில் சிவப்பு. காலனியில் யாரைக் கேட்டாலும் தெரியும். மருதாணிக்குள் குச்சியும் காய்ந்த வேரும் சிலந்தி வலையும் வைத்து வட்டமாக ஒரு கிண்ணம் கட்டியிருந்தது. அது திறந்த கூடு. பின்னறைச் சன்னலில் நின்றால் உள்ளே இருப்பது கொஞ்சம் தெரியும். இளஞ்சிவப்பு மேல் செந்நிறப் புள்ளி தெளித்த மூன்று முட்டைகள். பொரித்தவை இரண்டு. கண் திறக்காத, மயிர் முளைக்காத வெறும் சதைத் துண்டுகள். கிளை அசைந்தால் போதும், கழுத்தை நீட்டி வாயைத் திறக்கும்.

அப்பா அந்தச் சன்னலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பேரூராட்சி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் துப்புரவுப் பணியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அதிகம் பேச மாட்டார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். தாய் வந்து தீனி ஊட்டியது. ஊட்டியதும் உடனே பறக்காமல் காத்திருந்தது. குஞ்சு திரும்பிப் பின்பக்கத்தைத் தூக்கியது. வெள்ளையாக ஒரு சிறு உருண்டை வந்தது. தாய் அதை அலகால் வாங்கிக்கொண்டு பறந்து, வேலிக்கு அப்பால் போட்டுவிட்டு வந்தது. அடுத்த முறை ஆண் பறவை வந்தது. அதுவும் தீனி ஊட்டியது, காத்திருந்தது, வாங்கிக்கொண்டு போனது.

கூட்டில் வளரும் பல குருவிகளின் குஞ்சுகளுக்கு எச்சம் ஒரு மெல்லிய சவ்வுப் பைக்குள் அடங்கி வெளிவருகிறது. அதனால் பெற்றவை அதைச் சிந்தாமல் எடுத்துக்கொண்டு போக முடியும். முதல் சில நாள்கள் பெற்றவையே அதை விழுங்குவதும் உண்டு. குஞ்சின் குடல் அப்போது தீனியை முழுதாகச் செரிப்பதில்லை, பையில் இன்னும் சத்து மிச்சம் இருக்கும். கூடு அழுகினால் நோய் வரும், பூச்சி வரும், நாற்றம் பிடித்துப் பாம்பு வரும். ஆகவே ஒரு நாளைக்கு எத்தனையோ முறை இந்த வேலை நடக்கிறது.

அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ஆணும் அள்ளுது, பொட்டையும் அள்ளுது. இதுங்களுக்கு இந்த வேலைக்குன்னு தனியா ஒரு குருவி கெடையாதுபோல."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கையால் மலம் அள்ளுவதற்கு எதிராக 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடைக் குழியில் இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் கொடுக்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்ததைச் சொன்னால், சாவு நிற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னதாகத்தான் அர்த்தம். உயிருள்ள எதுவும் கழிக்கும். கழித்ததை யாராவது அகற்ற வேண்டும். இதில் இயற்கை அவ்வளவுதான் சொல்கிறது. அந்த யாராவது இன்ன சாதியில் பிறந்தவர், அவர் மகனும் அதையே செய்வார் என்று சொன்னது இயற்கை இல்லை. அதற்கு ஒரு சமூகமும், அதன் புனித நூல்களும், பிறகு நகராட்சிகளின் ஆள்சேர்ப்பும் ஒப்பந்தமுறையும் தேவைப்பட்டன.

இங்கே இளம் தோழர்களிடம் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பறவையைக் காட்டிச் சாதிக்கு நியாயம் பேசுகிறவர்கள் நம்மைவிட அதிகம். "காக்கை காக்கையோடுதான் சேரும், குயில் குயிலோடுதான் சேரும், மனுசன் மட்டும் ஏன் மாத்திக் கட்டணும்?" என்று காதல் திருமணங்களுக்கு எதிரான பஞ்சாயத்துகளில் பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். அதற்கான பதிலை அம்பேத்கர் 1936லேயே 'சாதி ஒழிப்பு' நூலில் கொடுத்துவிட்டார். சாதி என்பது வேறு வேறு இனங்களைப் பிரிக்கும் கோடு இல்லை, ஒரே இனத்து மக்களைத் துண்டு துண்டாக வெட்டும் கோடு என்று அவர் விளக்கினார். காக்கையும் குயிலும் வெவ்வேறு உயிரினங்கள். ஊர்த்தெருவும் காலனியும் அப்படி இல்லை. எங்கள் மருதாணியில் கட்டிய கொண்டைக்குருவியின் குஞ்சு நாளை ஊர்த்தெரு மாமரத்துக் குருவியோடு சோடி சேரும். அங்கே ஆணவக் கொலை நடக்காது.

அதற்காகப் பறவையிடமிருந்து நாம் நீதி கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லவில்லை. பொரித்த எட்டாம் நாள் காலை, மருதாணிக்குள் ஒரு செம்போத்து புகுந்தது. செம்போத்தைக் கண்டால் நல்ல சகுனம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அது உள்ளே போன கணத்தில் கொண்டைக்குருவிகள் இரண்டும் கத்திக்கொண்டு அதன் தலைமேல் பாய்ந்தன. முருங்கையில் இருந்து தையல்சிட்டு சேர்ந்துகொண்டது. தெருவில் மேய்ந்துகொண்டிருந்த தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்தது. அணிலும் கத்தியது. நாங்கள் ஓடிப்போவதற்குள் செம்போத்து ஒரு குஞ்சோடு வாழைக்குள் இறங்கிப் போய்விட்டது.

அண்ணன் மகள் அழுதாள். செம்போத்தைக் கல்லால் அடிக்க வேண்டும் என்றாள். ஆயா அவளை மடியில் இழுத்து உட்கார வைத்து, "அதுக்கும் வூட்ல குஞ்சு இருக்கும் கண்ணு. அது பசிக்கு எடுத்துக்கினு போவுது" என்றார். ஆயா சொன்னதற்கு மேல் அதில் எதையும் ஏற்றத் தேவையில்லை. செம்போத்து ஆதிக்கச் சாதி இல்லை. கொண்டைக்குருவி ஒடுக்கப்பட்டவர் இல்லை. செம்போத்து பசியோடு வந்தது, பசி தீர்ந்ததும் போய்விட்டது. கொண்டைக்குருவி தாழ்ந்தது என்று அது ஒரு நூல் எழுதி வைக்கவில்லை. தன் பிள்ளைகளுக்கு அதைப் படிக்கக் கொடுக்கவும் இல்லை. நமக்கு நடப்பது வேறு. பறவைகளிடம் சட்டம் தேட வேண்டாம். "இதெல்லாம் இயற்கை" என்று நம்மிடம் சொல்லப்படும் பொய்களைச் சரிபார்க்க மட்டும் அவற்றைப் பார்த்தால் போதும்.

மிஞ்சிய ஒரு குஞ்சு பிழைத்தது. பன்னிரண்டாம் நாள் அது கூட்டை விட்டுத் தரைக்கு வந்துவிட்டது. வால் முளைக்காமல், சரியாகப் பறக்கத் தெரியாமல் துவைகல்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அட்டைப் பெட்டி கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் நல்லெண்ணத்தில்தான் குஞ்சுகள் இப்படிச் சாகின்றன. கூட்டை விட்டு முதலில் இறங்கும் குஞ்சு இப்படித்தான் இருக்கும். பெற்றவை பக்கத்திலேயே இருந்து சில நாள் தரையில் வைத்தே ஊட்டும். இறகு முளைத்த குஞ்சைத் தரையில் பார்த்தால் வீட்டுக்குள் எடுத்துப்போக வேண்டாம். பூனையும் நாயும் வராமல் பார்த்துக்கொண்டு, ஆபத்தான இடத்தில் இருந்தால் அருகில் உள்ள செடியின் மேல் வைத்துவிட்டு, விலகி நின்றால் போதும். பிள்ளைகள் பெட்டியை வைத்துவிட்டு இரண்டு நாள் முறைபோட்டுப் பூனைக்குக் காவல் இருந்தார்கள். மூன்றாம் நாள் அது முருங்கைக்குப் பறந்தது.

இதே பிள்ளைகளின் தாத்தாக்கள் கண்ணி வைத்து மடையானும் கொக்கும் பிடித்தார்கள். எங்கள் தாத்தாவும் பிடித்தார். அறுவடை இல்லாத மாதங்களில் அதுதான் கறி. அதற்காக வெட்கப்பட ஒன்றும் இல்லை. எந்தப் பறவை எந்த வயலில் எப்போது இறங்கும், எங்கே முட்டை வைக்கும் என்று அவர்கள் அறிந்து வைத்திருந்தது பெரிய அறிவு. அந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் அவர்கள் பெயரில் ஏறவில்லை. புத்தகங்களில் ஏறியது வேறு. வெள்ளைத் தலையும் செம்மேனியும் கொண்ட செம்பருந்துக்கு ஆங்கிலத்தில் 'பிராமினி கைட்' என்று பெயர். குப்பைமேடுகளின் மேல் வட்டமிடும் கரும்பருந்தை ஆங்கிலேயர் 'பரையா கைட்' என்று எழுதினார்கள். நம் பறையர் என்ற சொல்லைத்தான் அவர்கள் ஒதுக்கப்பட்டது, தெருவில் கிடப்பது என்ற பொருளில் தங்கள் மொழிக்குள் கொண்டுபோனார்கள். தெருநாய்க்கும் அதே அடைமொழி. இத்தனைக்கும் அந்தப் பிராமினி பருந்து துறைமுகங்களில் செத்த மீனையும் எறிந்த கழிவையும் தின்கிற பறவை. அதன் சைவமும் தூய்மையும் பெயர் வைத்தவர்களின் தலைக்குள் மட்டும்தான் இருந்தன. கரும்பருந்தின் பெயர் இன்று பெரும்பாலும் மாறிவிட்டது. செம்பருந்தின் பெயர் மாறவில்லை. ஆள்களின் பெயரைத் தாங்கிய பறவைப் பெயர்களை மாற்றப்போவதாக அமெரிக்கப் பறவையியல் சங்கம் 2023 நவம்பரில் அறிவித்தது. அடிமைகளை வைத்திருந்தவர்களின் பெயர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. நம் வானத்தில் பறக்கும் சாதிப் பெயரை மாற்றக் கேட்பது நம் வேலை.

பெயர் வைப்பதில் மட்டும் இல்லை, நின்று பார்ப்பதிலும் சாதி இருக்கிறது. காலனிப் பையன் ஒருவன் கழுத்தில் தொலைநோக்கியோடு ஊரார் தோப்புக்குள் நின்று மேலே பார்த்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தேங்காய் திருட வந்தான் என்பார்கள், அல்லது எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்தான் என்பார்கள். 2020 மே 25 அன்று நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பறவை பார்த்துக்கொண்டிருந்த கிறிஸ்டியன் கூப்பர் என்ற கறுப்பினத்தவர், நாயைக் கட்டும்படி ஒரு வெள்ளைப் பெண்ணிடம் சொன்னார். ஒரு கறுப்பினத்தவர் தன்னை மிரட்டுவதாக அந்தப் பெண் காவல்துறைக்குத் தொலைபேசியில் சொன்னார். மினியாபொலிசில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டதும் அதே நாளில்தான். அந்த வாரமே அமெரிக்காவின் கறுப்பின இளைஞர்கள் கூடி, கறுப்பினப் பறவை நோக்கர் வாரம் என்று ஒன்றை அறிவித்தார்கள். காட்டிலும் பூங்காவிலும் பயமின்றி நின்று வானத்தைப் பார்க்கும் உரிமையும் குடியுரிமைதான் என்பது அவர்கள் சொன்ன செய்தி. நமக்கு அது நன்றாகப் புரியும்.

இனி நிலத்துக்கு வருவோம். தையல்சிட்டுக்கு மூன்று நாள் தையல், உள்ளே மெத்தை கட்டி முட்டையிட இன்னும் சில நாள், பன்னிரண்டு நாள் அடை, பதினான்கு நாள் வளர்ப்பு. ஒரு கூட்டுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் யாரும் கலைக்காத இடம் வேண்டும். அவ்வளவுதான் அது கேட்கிறது. அந்த ஒரு மாதத்தை எங்களால் கொடுக்க முடிந்தது. அதற்குக் காரணம் ஆயா பெயரில் இருக்கும் பட்டா. அதற்கு முன்பு எங்கள் குடும்பம் பண்ணை நிலத்தின் ஓரத்தில் குடிசை போட்டு இருந்தது. அங்கே மரம் வைக்க விடமாட்டார்கள். மரம் வைத்தால் நாளைக்கு மண் எனக்குச் சொந்தம் என்று கேட்பான் என்பது நில உடைமைக்காரரின் கணக்கு. கீரைப் பாத்திவரை போடலாம், முருங்கைக் கொம்பு நடக்கூடாது. ஆயா கொம்பு நட்டதும் அதைப் பிடுங்கி எறிந்ததும் அவர் இன்றைக்கும் சொல்லும் கதை. பல ஆண்டுகள் மனு கொடுத்து நடந்த பிறகு இந்த மூன்று சென்ட் கிடைத்தது. பட்டா கையில் வந்த வாரமே அவர் நட்டது இந்த முருங்கை.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர், பறையர் மக்களின் நிலைபற்றி அறிக்கை கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 இலட்சம் ஏக்கர் என்று நாம் போராட்ட மேடைகளில் சொல்லி வருகிறோம். பிறருக்குக் கைமாறக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்று உங்கள் ஒன்றியத்திலேயே விசாரித்துப் பாருங்கள். 1994 அக்டோபர் 10 அன்று அதைக் கேட்டு நின்றபோதுதான் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகள் கொளுத்தப்பட்டன. வீடுகளோடு சான்றிதழ்களும் பாடப்புத்தகங்களும் எரிந்தன.

2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையின் ஆற்றங்கரைகளில் இருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோகப்பட்டன. பல பிள்ளைகளுக்கு அது கல்வியாண்டின் நடுவில் நடந்தது. பள்ளி ஓர் இடத்தில், வீடு இன்னோர் இடத்தில். அந்த அடுக்குமாடிகளுக்குப் பக்கத்திலேயே சதுப்புநிலம் இருக்கிறது. விடுமுறை நாள்களில் நகரத்துப் பறவை நோக்கர்கள் பெரிய பெரிய கேமராக்களோடு அங்கே வருகிறார்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. நல்ல செய்திதான், நாமும் வரவேற்கிறோம். ஆனால் நாரைக்கும் பூநாரைக்கும் இடம் வேண்டும் என்று எழுதிய கைகள், ஆற்றங்கரையில் இருந்து அள்ளிக்கொண்டு வரப்பட்ட பிள்ளைகளுக்காகவும் எழுத வேண்டும்.

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்கு விளக்கம் சொல்கிறது. காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும், கூட்டைக் கலைப்பதும் அதில் அடங்கும். கொல்ல வேண்டியதில்லை, கலைத்தாலே வேட்டைதான். நியாயமான விளக்கம். ஒரு கூட்டைக் கலைப்பது அதில் வளரும் உயிர்களைக் கொல்வதற்குச் சமம் என்பதை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். மனிதக் குடியிருப்புகளைக் கலைக்கும்போது மட்டும் அதற்கு ஆக்கிரமிப்பு அகற்றம் என்று வேறு பெயர்.

ஆகவே தோழர்களே, பறவை பார்ப்பதை அவர்களுடைய பொழுதுபோக்கு என்று விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். விலை உயர்ந்த தொலைநோக்கி தேவையில்லை. ஒரு நோட்டும் பேனாவும் போதும். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி, ஒரே இடத்தில் அசையாமல் உட்காருங்கள். கூட்டைக் கண்டுபிடித்தால் பத்தடி தள்ளியே இருங்கள். அடிக்கடி போனால் உங்கள் வாசனையும் தடமும் பூனைக்கும் காக்கைக்கும் வழி காட்டும். கூட்டின் படத்தையும் இடத்தையும் குஞ்சுகள் பறக்கும்வரை இணையத்தில் போட வேண்டாம். தெளிவாகப் படம் எடுக்கக் கிளையை ஒதுக்கவே வேண்டாம், அந்தக் கிளைதான் அதற்குக் கூரை. 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் பார்த்து 'ஈபேர்டு' தளத்தில் பட்டியல் ஏற்றினால் போதும். ஏற்றும்போது இடத்தின் பெயராக உங்கள் காலனியின் பெயரை எழுதுங்கள். அம்பேத்கர் நகர், இந்திரா காலனி, பழைய சேரி, எதுவோ அதை எழுதுங்கள். அந்த வரைபடத்தில் நம் தெருக்களும் இருக்கட்டும்.

இரவுப் பாடசாலை நடத்துகிற தோழர்கள் இதைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யலாம். பெரியவர்களிடம் பறவைகளின் உள்ளூர்ப் பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். கண்ணி வைத்த தாத்தாக்களிடம் கேளுங்கள், அவர்கள் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். கூடவே இன்னொரு கணக்கும் எடுங்கள். உங்கள் காலனியில் எத்தனை வீட்டுக்குப் பட்டா இருக்கிறது, எத்தனை வீட்டுக்கு இல்லை, எத்தனை வீட்டில் ஒரு மரம் வைக்க இடம் இருக்கிறது என்று. இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அடுத்த மனுவில் என்ன எழுத வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஜெய்பீம்.